டேப்பட் சத்தம்

"நீ சொன்னதாலதான் செஞ்சேன், பிரமிளா. தப்புன்னு தெரிஞ்சேதான் செஞ்சேன்."

இதுதான் இவர் சொன்னது. அப்படியே சொல்றேன், நான் ஒண்ணும் கூட்டலை, குறைக்கலை. காவேரிப் பாலத்துல, நட்ட நடுவுல, நான் பட்டுப் புடவையோட நிக்கிறேன், அப்ப சொன்னார். நான் சொன்னேனாம், இவர் செஞ்சாராம். ஸ்பானர் பிடிச்சது யார் கை? திருகினது யார் கை? நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க, தம்பி. அவசரமில்லை, முதல்ல உட்காருங்க. வண்டி எங்கேயும் ஓடிப் போயிடாது. ஓடுற வண்டியா இருந்தா நான் ஏன் உங்களைக் கூப்பிடப் போறேன்?

அந்த ஒரு பேச்சோட சரி. அதுக்கப்புறம் இவர் என்கிட்ட வாயைத் திறக்கலை. அது ஆனி மாசக் கடைசி முகூர்த்தம். ஆடி போச்சு, ஆவணியும் முடியப் போகுது. ஊமை இல்லை, உடம்புக்கும் ஒண்ணும் இல்லை. அதோ, பின்பக்கம் துணி காயப்போடற இடத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கார் பாருங்க, சட்டைத் தோள் தெரியுதில்லையா, அவர்தான். பைக் அவர் பேர்ல இருக்கு. நீங்க வாங்கணும்னா அவர் கையெழுத்துப் போடணும். கையெழுத்துப் போடணும்னா சரின்னு சொல்லணும். சரின்னு சொல்லணும்னா வாயைத் திறக்கணும். அங்கேதான் நிக்குது. வித்துடட்டுமான்னு கேட்டுப் பார்த்துட்டேன். கொடிக்கம்பியைப் பார்க்கிறார். வெளியாள் ஒருத்தர் வந்து நின்னா மரியாதைக்காவது ரெண்டு வார்த்தை பேசுவாரில்லையா? அதான் பாலக்கரையிலிருந்து உங்களை வரச் சொன்னேன். உங்களை மாதிரி பழைய வண்டி வாங்கறவங்க கடையில உட்கார்ந்தே விலை சொல்லிடுவீங்கன்னு எனக்கும் தெரியும்.

வண்டியைப் பார்க்கணும்னா பார்க்கிங்ல நிக்குது. உடம்பு அங்கே. தலை இங்கே, இவர் காலடியில பேப்பர் மேல. இன்ஜின் தலையைத்தான் சொல்றேன். இவர் தலையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது.

காபி குடிப்பீங்களா? குடிங்க. சர்க்கரை போட்டுட்டேன்.

இவர் கூட்டுறவுத் துறையில சூப்பிரண்டெண்டா இருந்து ரிட்டயர் ஆனவர். ஃபைல் தள்ளின கை. அந்தக் கைக்கு ஸ்பானர் எதுக்குன்னு கல்யாணமான புதுசுலேயே கேட்டேன். டேப்பட்னா வால்வுக்கு மேல விடற இடைவெளியாம், மெக்கானிக்கெல்லாம் அதைக் காதால கேட்டு வைக்கிறான், நான் கேஜ் விட்டு அளந்து வைக்கிறேன்னார். பெருமை. ஆபீஸ்ல ஒரு ப்யூன்கூட இவர் சொன்னதைக் கேட்டதில்லை, இன்ஜின் கேட்குதுன்னு பெருமை.

ஞாயிற்றுக்கிழமை ஆனா சடங்கு ஆரம்பம். முந்தின நாள் சாயங்காலமே வண்டியை நிறுத்திடணும், யாரும் தொடக் கூடாது. ராத்திரி முழுக்க ஆறினாத்தான் அளவு சரியா வருமாம். சாம்பார் கொஞ்சம் ஆறிப் போனா முகத்தைச் சுளிக்கிற மனுஷன், இன்ஜின் ஆறணும்னு அவ்வளவு பொறுமையா காத்திருப்பார். காலையில பேப்பர் விரிப்பார். நான் இன்னும் படிக்காத பேப்பராத் தேடி எடுத்து விரிப்பார். ப்ளக்கைக் கழட்டுவார். இன்ஜின் மண்டையில ரெண்டு மூடி, அதைக் கழட்டுவார். பக்கவாட்டுல ஒரு சின்ன மூடி, அதுக்குள்ள டார்ச் அடிச்சுக்கிட்டே பின்சக்கரத்தைக் கையால மெல்லச் சுத்துவார். உள்ளே ஒரு கோடு வந்து நிக்கணுமாம், வந்தா பிஸ்டன் மேல வந்துடுச்சுன்னு அர்த்தமாம். அப்புறம் அந்த ஃபீலர் கேஜ். விசிறி மாதிரி விரியும், எல்லாம் இரும்புத் தகடு, ஒண்ணொண்ணும் ஒவ்வொரு மெல்லிசு. அதுல ஒண்ணை எடுத்து வால்வு மேல இருக்கிற இடுக்குல விட்டு இழுப்பார். இழுக்கும்போது கண்ணை மூடிக்குவார். நாதஸ்வரக் கச்சேரியில முன்வரிசையில உட்கார்ந்த மாதிரி ஒரு முகம்.

செய்யறதைச் செஞ்சுட்டுப் போகலாமில்லையா? பேச்சு. செய்யும்போது பேச்சு, செஞ்சு முடிச்சுப் பேச்சு. நான் அரிசி களைஞ்சுக்கிட்டிருப்பேன், பின்னாலேயே வந்து நின்னுக்குவார். தகடு லேசாப் பிடிக்கணும் பிரமிளா, ஆனா சிக்கிக்கக் கூடாது. சூடானா இரும்பு நீளும், அது நீள இடம் விடணும். இடம் விடலைன்னா வால்வு முழுசா மூடாது, நெருப்பு கசியும், ஓரம் கருகிடும். இடம் விட்டா டிக் டிக்குன்னு கொஞ்சம் சத்தம் வரும், வரட்டும். இப்படியே. நான் கேட்டேனான்னா, இல்லை. ஆனா பாருங்க, மனப்பாடமா இருக்கு. வருஷக்கணக்கா ஒரே பாடத்தைச் சொன்னா சுவருக்குக்கூட மனப்பாடம் ஆகிடும்.

எனக்குச் சத்தம் ஆகாது. நான் படிச்சது கான்வென்ட்ல. பின் டிராப் சைலன்ஸ்னா என்னன்னு எனக்குத் தெரியும். ஏழாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் நான்தான் கிளாஸ் லீடர். சிஸ்டர் வெளியே போனா பேசறவங்க பேரை போர்டுல எழுதணும், அது என் வேலை. பயம், சிபாரிசு, ஒண்ணும் கிடையாது. என் சித்தப்பா பொண்ணு அதே கிளாஸ், அவ பேரையே எழுதினேன். உதடுதான் அசைஞ்சதுன்னு அழுதா. உதடு அசைஞ்சா பேச்சுதானே? அவ இன்னைக்கு வரைக்கும் என்னோட ஒழுங்காப் பேசறதில்லை, அது வேற கதை.

விஷயத்துக்கு வர்றேன். மணி பார்க்காதீங்க, இன்னும் கொஞ்சம்தான்.

இந்த ஃபிளாட்டுக்கு நாங்க வந்தது இவர் ரிட்டயர் ஆனப்புறம். மேல் மாடியில மிஸஸ் தயாளன், ஃபிளாட் அசோசியேஷன் செக்ரட்டரி சம்சாரம். கார் வெச்சிருக்காங்க, அதனால ரெண்டு சக்கரத்துல போறவங்களைக் கொஞ்சம் குனிஞ்சுதான் பார்ப்பாங்க. பங்குனியில ஒருநாள், நான் வாசல்ல கோலம் போட்டுக்கிட்டிருக்கேன், இவர் பால் வாங்கப் போறேன்னு வண்டியை எடுக்கிறார், அந்தம்மா வாக்கிங் முடிச்சு வர்றாங்க. நின்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க, "உங்க வீட்டு வண்டி தையல் மெஷின் மாதிரி இருக்கே, பிரமிளா."

தையல் மெஷினாம். இவர்கிட்ட சொன்னேன். இவர் என்ன செஞ்சார் தெரியுமா? சந்தோஷப்பட்டார். ஆமா, டேப்பட் சரியா இருந்தா அப்படித்தான் சீராக் கேட்கும், அந்தம்மாவுக்கு நல்ல காதுன்னார். இப்படி ஒரு ஆளை வெச்சுக்கிட்டு என்ன குடித்தனம் பண்றது? அந்தம்மா சொன்ன அர்த்தம் எனக்குத்தானே தெரியும். எங்கம்மா எங்க கான்வென்ட்டுக்கு யூனிபார்ம் தைச்சுக் கொடுத்தவங்க. மதியம் சாப்பாட்டு மணியில மத்த பொண்ணுங்க விளையாடும், நான் ஸ்டோர் ரூம்ல எங்கம்மாவுக்குப் பட்டன் எடுத்துக் கொடுத்துக்கிட்டிருப்பேன். அது மிஸஸ் தயாளனுக்கு யார் சொன்னாங்கன்னு எனக்குப் புரியலை. யாரும் சொல்லலை, அவங்க சாதாரணமாச் சொன்னாங்கன்னு இவர் வாதம். எதையுமே யாருமே சாதாரணமாச் சொல்றதில்லை, தம்பி.

அந்தச் சத்தம் இனிமே இந்த காம்பவுண்டுக்குள்ள கேட்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அதுக்கு இவர் மறுபடி பாடத்தை ஆரம்பிச்சார். அந்தச் சத்தம்தான் வண்டி நல்லா இருக்குன்னு சொல்ற சத்தமாம். நான் கேட்டேன், வண்டி நல்லா இருக்குன்னு காலங்கார்த்தால ஊருக்கெல்லாம் எதுக்குச் சொல்லணும், நமக்குத் தெரிஞ்சாப் போதாதா? அதுக்குப் பதில் இருக்கா? இல்லை. சிரிச்சார். பதில் இல்லைன்னா சிரிப்பார். அப்பல்லாம் அப்படித்தான்.

அடுத்த ஞாயிறு நானே நாற்காலி போட்டு எதிர்ல உட்கார்ந்தேன். இவர் அந்த இரும்பு விசிறியை விட்டு இழுத்து, கண்ணை மூடித் திறந்து, நட்டை இறுக்கி, மூடியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணினார். டிக் டிக் டிக். அளவு சரியா இருக்குன்னார். உங்க அளவு எனக்கு வேண்டாம், சத்தம் போகணும்னேன். சூடான இன்ஜின்ல கை வைக்கக் கூடாது, அடுத்த வாரம்னார். அடுத்த வாரமும் இதே. கொஞ்சமாக் குறைச்சிருந்தார், ஏமாத்தப் பார்த்திருக்கார். என் காது என்ன செவிடா?

மூணாவது வாரம் நான் அந்தக் கேஜை எடுத்து அலமாரியில வெச்சுப் பூட்டிட்டேன். தகடு வேண்டாம், என் காது இருக்கு, நான் சொல்ற வரைக்கும் திருகுங்கன்னேன். இவர் ஒரு நிமிஷம் வெறுங்கையைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தார். அப்புறம் வால்வை அமுக்கிற அந்த ராக்கர் ஆர்மை விரலால ஆட்டிக் காட்டினார், இதோ, இவ்வளவு ஆட்டம் இருக்கணும்னார். நான் ஸ்பானரைக் காட்டினேன். திருகினார். ஆட்டம் குறைஞ்சுது.

"போதுமா?"

"இன்னும்."

திருகினார். விரலால ஆட்டிப் பார்த்தார். அது அசையலை. மூடியைப் போட்டார், வண்டியை எடுத்தார், சத்தம் இல்லை. மெத்துனு இருந்தது. வண்டின்னா இப்படி இருக்கணும்னு சொன்னேன், பாராட்டாத்தான் சொன்னேன். இவர் கையைத் துடைச்சுக்கிட்டு உள்ளே போயிட்டார். அன்னைக்கு விளக்கமும் இல்லை, பாடமும் இல்லை. சமையலறையில நான் தனியா நிம்மதியா வேலை பார்த்தேன்.

அந்த வாரமே மிஸஸ் தயாளன் கேட்டாங்க, வண்டி மாத்திட்டீங்களான்னு. இல்லை, அதேதான், சரி பண்ணச் சொன்னேன்னேன். இவர் சரி பண்ணினார்னு சொல்லியிருக்கலாம். ஆனா யார் சொல்லி நடந்ததுன்னு எனக்குத் தெரியும்.

வைகாசியில இவர் மெதுவா ஆரம்பிச்சார். கிக்கர் கனமில்லாம இறங்குது பிரமிளா, வால்வு முழுசா மூடலை. மேம்பாலம் ஏறும்போது இழுக்க மாட்டேங்குது பிரமிளா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தளர்த்திப் பார்க்கட்டுமா, கேஜைக் கொடேன். நேராக் கேட்டேன், மறுபடியும் தையல் மெஷினா? வண்டியைத் துடைக்கப் போயிட்டார். அலமாரிச் சாவி ஆணியிலேயேதான் தொங்கிட்டிருந்தது. வேணும்னா எடுத்திருக்கலாமில்லையா? ஆம்பளைதானே? எடுக்கலை. இப்ப வந்து நீ சொன்னதால செஞ்சேன்னா? சொன்னா செஞ்சுடறதா? அப்ப இவர் எதுக்கு?

அந்த ஆனி முகூர்த்தம் என் கிளாஸ்மேட் பொண்ணோட ரிசப்ஷன், ஸ்ரீரங்கத்துல. பழைய பேட்ச் பாதிப்பேர் வர்றாங்க. ஆட்டோவுல போகலாம்னார் இவர், வண்டி சூடானா படுத்துதுன்னார். நான்தான் இல்லை, வண்டியே போதும்னேன். சத்தமில்லாத வண்டிதானே. பாலத்துல டிராஃபிக். ஊர்ந்து ஊர்ந்து போறோம். நடுவுல வந்ததும் வண்டி ரெண்டு தடவை விக்கி நின்னுடுச்சு. இவர் உதைக்கிறார், உதைக்கிறார், கால் காத்துல போற மாதிரி போகுது. பின்னால பஸ்காரன் ஹார்ன் அடிக்கிறான். கீழே ஆறு, மேலே வெயில், நான் கத்தரிப்பூ கலர் பட்டுல கைப்பிடிச் சுவரோரம் நிக்கிறேன். அந்தப் பக்கம் நடந்து போறவன் ஒவ்வொருத்தனும் என்னைப் பார்த்துட்டுப் போறான்.

எனக்கு வந்த கோபத்துக்கு நான் அதிகமா ஒண்ணும் பேசலை. வாழ்க்கையில ஒரு வேலையாவது ஒழுங்கா முடிச்சிருக்கீங்களான்னு கேட்டேன். தெரியாத வேலையில எதுக்குக் கை வைக்கிறீங்க, நாலு பேர் முன்னால என்னை நிறுத்திட்டீங்களேன்னு கேட்டேன். கேட்கக் கூடாததா? அப்பதான் அந்த வாக்கியத்தைச் சொன்னார். கத்தலை, மூச்சு வாங்கிக்கிட்டே, தெளிவாச் சொன்னார். நான் இங்கிலீஷ்ல சொன்னேன். கோபம் வந்தா எனக்கு இங்கிலீஷ்தான் வரும், பழக்கம். "வில் யூ ப்ளீஸ் கீப் கொயட்"னேன். ப்ளீஸ் போட்டுத்தான் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து மிஸஸ் தயாளன் கார். கண்ணாடியை இறக்கி, என்ன பிரமிளா, வண்டி சத்தத்தையே காணோம்னாங்க. கிண்டலா அக்கறையா, அந்தம்மா முகத்துல எதையும் கண்டுபிடிக்க முடியாது. நானும் அதே ரிசப்ஷனுக்குத்தான் போறேன், மாப்பிள்ளை வீட்டார் தெரிஞ்சவங்க, ஏறுன்னாங்க. ஏறிட்டேன். நான் நின்னா மட்டும் வண்டி ஓடுமா? இவரும் போன்னு கையைக் காட்டின மாதிரிதான் இருந்தது. கார் நகர்ந்தப்ப திரும்பிப் பார்த்தேன். வண்டியை ஓரமாத் தள்ளிக்கிட்டிருந்தார், வேட்டியில கிரீஸ்.

ரிசப்ஷன்ல எல்லாரும் எங்கே உன் வீட்டுக்காரர்னு கேட்டாங்க. வண்டி நிறுத்திட்டு வர்றார்னேன்.

நான் திரும்பி வந்தப்ப இவர் குளிச்சிட்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவு தூரமும் தள்ளிக்கிட்டே வந்திருக்கார். வழியில ஒரு மெக்கானிக் இல்லையா? இருப்பான். காட்டியிருக்க மாட்டார். சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். பதில் இல்லை. கோபத்துல இருக்கார், விடிஞ்சா சரியாகிடும்னு நினைச்சேன்.

முதல் வாரம் நல்லாத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் ஒருநாள் இன்ஜினைப் பிரிச்சு, உள்ளேயிருந்து அந்த வால்வைக் கொண்டு வந்து டைனிங் டேபிள்ல என் தட்டுப் பக்கத்துல வெச்சார். காளான் மாதிரி இருந்தது, அதோட ஓரம் அடுப்புல விழுந்த அப்பளம் மாதிரி கருகிக் கடிபட்டிருந்தது. வெச்சுட்டு நின்னார். நான் என்ன சொல்லணும்னு எதிர்பார்த்தாரோ தெரியாது. சாப்பிடற இடத்துல எண்ணெய்ப் பொருளை வைக்காதீங்கன்னேன். எடுத்துக்கிட்டுப் போயிட்டார். நியாயமாத்தானே சொன்னேன்?

புது வால்வு கடையில கிடைக்கும்னு நீங்களும் சொல்வீங்க. போட்டா ஓடும்னும் சொல்வீங்க. எனக்கும் தெரியும். நானே கேஜை எடுத்து இவர் பக்கத்துல வெச்சுட்டேன். வேணும்னா போட்டுக்கோங்க, சத்தம் வந்தா வரட்டும்னுகூட சொன்னேன். நான், என் வாயால. அந்த விசிறியை எடுத்து மடிச்சு எண்ணெய்த் துணியில சுத்தி வெச்சுட்டார். தினமும் எடுத்துத் துடைக்கிறார், அவ்வளவுதான்.

ஹைதராபாத்திலிருந்து மதுவந்தி, எங்க பொண்ணு, போன் பண்ணினா பேசறார். சாப்பிட்டேன்மா, மழை இல்லைம்மா, நல்லா இருக்கேன்மா. என் செருப்புச் சத்தம் கேட்டா போனை வெச்சுடறார். அவ என்கிட்ட கேட்கிறா, அப்பாகிட்ட சாரி சொன்னியாம்மான்னு. எதுக்கு? இன்ஜினை நான் எரிச்சேனா?

டிவி சத்தமா இருக்கா? இருங்க, குறைக்கிறேன். அது ஓடலைன்னா என்னால சமைக்க முடியறதில்லை இப்பல்லாம். யார் என்ன பேசறாங்கன்னு பார்க்கிறதுகூட இல்லை. கேஸ் சிலிண்டர் கொண்டு வர்றவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினா அவரும் அவசரம் அவசரம்னு இறங்கிப் போறார். ஜனங்களுக்குப் பொறுமையே இல்லை.

எந்திரிக்காதீங்க தம்பி. வண்டி அப்புறம் பார்க்கலாம், விலையும் அப்புறம் பேசலாம். முதல்ல அவர் பேசட்டும். நீங்க அப்படியே வாசப்படிகிட்ட நில்லுங்க, உங்களைப் பார்க்கட்டும்.

ஏங்க, வண்டி வாங்க ஆள் வந்திருக்காங்க.

பாலக்கரையிலிருந்து வந்திருக்கார். நல்ல மாதிரி. உங்களுக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருக்கார்.

கேட்குது அவருக்கு. காது நல்லாக் கேட்கும். பாருங்க, அந்தத் தகட்டைத் துடைக்கிறதை நிறுத்திட்டார்.

ஏங்க, வீட்டுக்கு வந்தவரை இப்படி நிக்க வைக்கலாமா? வித்துடறேன்னு நான் சொன்னா வித்துடுவேன், உங்களுக்குத் தெரியுமில்லே, இன்னைக்கே அனுப்பிடுவேன். உங்களுக்கு விருப்பமில்லைன்னா விருப்பமில்லைன்னு சொல்லுங்க. இவரை அனுப்பிடறேன், வண்டி இங்கேயே கிடக்கட்டும், இந்தத் தலையும் இங்கேயே கிடக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லலை. சரின்னு சொல்ல வேண்டாங்க. வேண்டாம்னாவது சொல்லுங்க.